மிண்டாதேயின் அய்யோ நோட்டு

ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாமல், புரோகிராம் எழுதுகிறவர்களின் வாயை அடைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருப்பார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அடைத்தார், தண்ணீரை ஊற்றி.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் மிண்டாதே. மிண்டாதே என்றால் பேசாதே. திருவனந்தபுரத்து மலையாளத்திலும் அதுதான், அவருடைய ஊரான களியக்காவிளைத் தமிழிலும் அதுதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்த ஒரு சொல்லை எங்களைப் பார்த்துச் சொல்லுவார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். கிழக்கேகோட்டையில் ஒரு அக்ரஹாரத் தெருவில், ஒரு மாமி வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து நானும் பிஜுவும் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். நான் நாகர்கோவில்காரன், பிஜு ஆற்றிங்கல்காரன். கம்பெனி என்றால் இரண்டு குண்டு மானிட்டர், ஒரு டேபிள் ஃபேன், அப்புறம் நிறையக் கொள்கை. நாங்கள் எழுதியது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். ஊரெல்லாம் பூட்டி வைத்து விற்கும்போது நாங்கள் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தக் கதவு வழியாக யாரும் உள்ளே வரவில்லை என்பதைக் கவனிக்க நேரமில்லை.

முதலில் வந்தவர் மிண்டாதேதான். வந்தது சண்டைக்கு.

சாலைக் கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றைச் சும்மா கொடுத்திருந்தோம். மூன்றாவது வாரமே முதலாளி கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டுப் பழைய பில் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார். பல்லைப் பிடித்துப் பார்த்தவர் அந்தக் கடையில் வாடிக்கையாளர் காலில் செருப்பு மாட்டிவிடும் சேல்ஸ்மேன். முப்பது வயசிருக்கும், எலும்பும் தோலுமான உடம்பு, கையில் எண்பது பக்க நோட்டு.

"சாரே, எங்க கடையில பில்லு போடுத பொம்பளப் பிள்ளை உங்க சாதனத்து முன்னால இருந்துகிட்டு ஒரு நாளைக்கு எத்தன 'அய்யோ' சொல்லுதான்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"முப்பத்தொண்ணு." நோட்டை விரித்தார். "இது திங்களாழ்ச்ச. செவ்வாய்க்கு இருவத்தாறு. அன்னைக்கு கடையில ஆளு கொறவு."

விளையாட்டு இல்லை. ஒவ்வொரு அய்யோவுக்கும் ஒரு வரி இருந்தது. எந்த இடத்தில், கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டியதும், சின்ன அய்யோவா பெரிய அய்யோவா, அய்யோவுக்குப் பிறகு அந்தப் பெண் எங்கே பார்த்தாள் என்பதுவரை எழுதியிருந்தார். பிஜு இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"இதொண்ணும் பக் அல்ல அண்ணா. யூசர் எரர் ஆணு" என்றான். அதாவது புரோகிராமில் பிழை இல்லை, உட்கார்ந்த ஆளிடம்தான் பிழை.

"செருப்பு கடிச்சா காலுமேலயா குத்தம் சொல்லுவிய?" என்றார் அவர்.

நான் எங்கள் வழக்கமான பதிலை எடுத்தேன். "எல்லாம் திறந்துதானே கெடக்கு, அண்ணே. உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி நீங்களே மாத்திக்கலாமே."

"கதவு தெறந்து கெடக்கு, சரி. படி நெஞ்சளவு ஒயரத்துல இல்லா இருக்கு. எப்பிடி ஏறது?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. அன்றைக்கு அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கடைசியில் ஒருநாள் செருப்புக்கடை வேலையையே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். செருப்பு மாட்டிவிடுகிறவர்கள் உட்காரும் குட்டி ஸ்டூல் இருக்குமே, முன்பக்கம் கால் வைக்கச் சரிவுப் பலகை வைத்தது, அதையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிக் கையோடு தூக்கி வந்திருந்தார்.

"உங்களுக்கு என்ன வேலை குடுக்கறது, அண்ணே?" என்று கேட்டேன்.

"பாக்குத வேலை."

"எதைப் பாப்பீங்க?"

"ஆளை."

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. "செருப்பு எப்பிடி இருக்குன்னு கேட்டம்னு வையுங்க, மனுசன் மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொல்லிருவான். வீட்டுக்குப் போயிட்டு நம்மளத் திட்டுவான். அதனால கேக்கப்பிடாது. நடக்கச் சொல்லிட்டு மிண்டாம பாக்கணும். கட்டவெரலு மடங்கிச்சுன்னா கடிக்குது. அவ்வளவுதான் காரியம்." பிற்காலத்தில் இதையே பெரிய பெரிய பெயர் வைத்துப் பெரிய பெரிய கம்பெனிகளில் பாடமாக நடத்தக் கேட்டிருக்கிறேன். கட்டைவிரலை மட்டும் அவர்கள் விட்டுவிட்டார்கள்.

முதல் பரிசோதனை வீட்டுக்கார மாமியை வைத்து நடந்தது. வாசகசாலைகளில் புத்தகம் இரவல் கொடுக்க நான் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அதன் முன்னால் மாமியை உட்காரவைத்து, "ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துப் பாருங்க மாமி" என்றேன். மாமி மவுஸைத் தொட்டாரோ இல்லையோ, "அங்க இல்ல, மேல, மேல, அந்த நீலத்தை அமுக்குங்க" என்றேன்.

"மிண்டாதேயும்!" என்று மேசைக்குக் கீழேயிருந்து ஒரு குரல். மாமி அலறிக்கொண்டு எழுந்துவிட்டார். குனிந்து பார்த்தால் நம் ஆள் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் நோட்டோடு, மாமியின் கால்விரல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீர் என்ன ஓய், என் காலைப் பாத்துண்டிருக்கேர்? மெட்டி காணாமப் போயிடுத்தா?"

"செருப்புக்கடக்காரன் கண்ணாக்கும் மாமி. வேற ஒண்ணும் நெனைக்காதீங்க. உங்க வெரலு மூணு தடவ மடங்கிச்சு. இந்தச் சாரு வாயத் தெறந்ததுனால நாலாவது மடங்கல. அது தப்பு."

நான் வாயைத் திறந்தது தப்பாம். மறுபடி உட்காரவைத்தோம். மறுபடி நான் பேசினேன். புரோகிராம் எழுதியவன் பக்கத்தில் நிற்கும்போது அதை ஒருவர் தப்பாகத் தொடுவதைப் பார்ப்பது, நம் பிள்ளையை இன்னொருவர் தலைகீழாகத் தூக்குவதைப் பார்ப்பதுபோல. பிஜு பேசினான். நான் பேசினேன். மிண்டாதே எழுந்து வெளியே போனார். தெருமுனை ஹோட்டலிலிருந்து ஒரு ஜக் நிறைய பதிமுகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார். கேரள ஹோட்டல்களில் சாப்பாட்டோடு தருவார்களே, மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்.

"ஆளுக்கு ஒரு வாய். முழுங்கப்பிடாது, துப்பப்பிடாது. மாமி எந்திரிக்கது வர வாயில இருக்கணும்."

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியின் சட்டம் அது. யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் சோதனைக்கு உட்கார்ந்தால் நானும் பிஜுவும் வாய் நிறையத் தண்ணீரோடு சுவர் ஓரமாக நிற்க வேண்டும். தபால்காரர் ஒருநாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தபாலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "என்ன மாமி, ரெண்டும் கன்னத்தை உப்ப வச்சுண்டு நிக்கறது, பல்வலியா?" என்று மாமியைப் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். "கம்ப்யூட்டர் படிச்சவா அப்படித்தான்" என்று மாமி பதில் சொல்லுவார்.

இதுவரை சிரிப்பு. ஞானம்மா வந்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது.

கோட்டைக்கு வெளியே ஒரு வாசகசாலை எங்கள் புரோகிராமை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. அங்கே கவுண்டரில் இருபத்தைந்து வருஷமாகப் புத்தகம் கொடுத்து வாங்குகிறவர் ஞானம்மா. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஐம்பத்துநாலு வயசு, தடித்த கண்ணாடி. வீடு வாசகசாலைக்குப் பின்னாலிருந்த சந்தில். கணவர் கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். தினமும் பன்னிரண்டு மணிக்கு ஞானம்மா வீட்டுக்கு ஓடிப்போய் அவருக்குச் சோறு கொடுத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு ஓடி வருவார்.

வாசகசாலைச் செயலாளர் எங்கள் முன்னாலேயே அந்த அம்மாளிடம் சொன்னார். "ஞானம்மே, அடுத்த மாசம் ஒரு சனியாழ்ச்ச. ரண்டு மணிக்கூர் கம்ப்யூட்டரில் கவுண்டர் நோக்கணம். பற்றுமெங்கில் இவிடெ. இல்லெங்கில் கல்லாறு." இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் கவுண்டரைப் பார்க்க வேண்டும், முடிந்தால் இங்கே, முடியாவிட்டால் கல்லாறு. பொன்முடி மலையின் அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது, ரிஜிஸ்டரில் கையால் எழுதும் கிளை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டியபின் வீடு. நடுவில் அந்தப் பன்னிரண்டு மணிச் சோற்றை யார் கொடுப்பார்கள்? செயலாளர் கெட்டவர் இல்லை. சட்டப்படி பேசினார், அவ்வளவுதான்.

முதல் சோதனைக்கு ஞானம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் வாயில் தண்ணீரோடு சுவர் ஓரம். மிண்டாதே மேசைக்கு அடியில். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதை இரவல் கொடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

என் புரோகிராமில் முதலில் ஒரு பட்டியல் வரும். இரவலா, திரும்பப் பெறுவதா, புதுப்பிப்பதா, முன்பதிவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு உறுப்பினர் எண். பிறகு தேதி. பிறகு புத்தக எண். ஞானம்மா பட்டியலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "கர்த்தாவே" என்றார். எதையோ தட்டினார். செட்டிங் திரை திறந்துகொண்டது.

அந்தத் திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கும் பிஜுவுக்கும் எதிலும் ஒத்துப்போகாது. எண்டர் கட்டையை அமுக்கினால் பதிவாக வேண்டும் என்பேன் நான். அடுத்த கட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்பான் அவன். மூன்று நாள் சண்டை. கடைசியில் கட்டற்ற மென்பொருள்காரர்கள் உலகம் முழுக்கச் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம், செட்டிங்கில் ஒரு டிக் பெட்டி வைத்துவிடுவோம். உனக்கு வேண்டுமானால் டிக் போட்டுக்கொள், எனக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். தேதி எப்படி எழுதுவது, பட்டியல் இடதா வலதா, எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி. எங்கள் நட்பு கெடாமல் இருந்ததே அந்தப் பெட்டிகளால்தான். நாலு மாசத்தில் ஐம்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

ஞானம்மா அதை ஏதோ விண்ணப்பப் படிவம் என்று நினைத்துவிட்டார். நல்ல பிள்ளையாக மேலிருந்து கீழே ஒவ்வொரு பெட்டிக்கும் டிக் போட்டுக்கொண்டே போனார். எழுத்து பெரிதானது, பட்டியல் இடம் மாறியது, தேதி தலைகீழானது. பிஜுவால் பார்க்க முடியவில்லை. வாயில் தண்ணீர், மூக்கில் அழுகை. ஒரு தும்மல் போட்டான் பாருங்கள், மானிட்டர், கீபோர்டு, ஞானம்மாவின் முதுகு எல்லாம் இளஞ்சிவப்பு.

ஞானம்மா கோபப்படவில்லை. முந்தானையால் முதுகைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.

"ரிஜிஸ்டர்ல எனக்க கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் மோனே. இதுல எழுத்துகூட எனக்கதில்ல. நான் கல்லாறுக்கே போறேன். அங்க ஒரு ஆறாவது இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, மணி பன்னிரண்டாகப் போகிறதென்று கிளம்பிவிட்டார்.

மிண்டாதே மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மட்டும் மேலே நீட்டினார். அய்யோ இருபத்திரண்டு, கர்த்தாவே ஒன்பது, விரல் மடங்கியது எண்ணவில்லை, நிமிரவே இல்லை.

"ட்ரெயினிங் குடுத்தா சரியாயிடும்" என்றேன் நான். "நான் ஒரு கையேடு எழுதறேன். படம் போட்டு நாப்பது பக்கம்."

"செருப்போட புத்தகமும் குடுத்தா எவன் வாங்குவான்?"

"அந்த செட்டிங் திரை அவங்களுக்கு இல்ல அண்ணே. அது தெரிஞ்சவங்களுக்கு."

"சண்ட போட்டது நீங்க ரெண்டு பேரு. தீத்து வைக்கது ஞானம்மாவா?"

பிஜு குறுக்கே வந்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்பட எங்கள் புரோகிராமுக்குக் கைகொடுக்கும் ஏழெட்டுப் பேர் மின்னஞ்சல் குழுவில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்போம் என்றான். மிண்டாதே சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன்: பட்டியல் வந்ததும் ஞானம்மா கூரையைப் பார்க்கிறார். பதில் வந்தது. எந்தக் கூரை என்று கேட்கவில்லை. எந்த வெர்ஷன் என்று கேட்டிருந்தார்கள்.

"அம்பத்திநாலு வயசுன்னு எழுதுங்க" என்றார் மிண்டாதே.

அடுத்த வாரம் முழுக்க ஆள் அலுவலகத்துக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன், இப்போது சொல்வதற்கென்ன. உண்மையில் அவர் வாசகசாலைக் கவுண்டருக்குப் பின்னால் தன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஞானம்மா பழைய ரிஜிஸ்டரில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமை வந்தார்.

"ஒரு காரியம் கேக்கட்டா? ஒருத்தன் புத்தகத்தோட கவுண்டருக்கு வாறான். ஞானம்மா முதல்ல என்ன செய்யுதா?"

"இரவலா, திரும்பக் கொடுக்கறதான்னு கேப்பாங்க" என்றேன்.

"கேக்கல. ஒரு நாளு, ஒரு ஆளுட்டகூட கேக்கல. புத்தகத்த வாங்கி பின்னட்டையத் தெறக்கா. அட்டைக்குள்ள ஒரு பையி ஒட்டிருக்கு, அதுல ஒரு சீட்டு. சீட்டு இருந்தா புத்தகம் இஞ்ச உள்ளது, வெளிய போவுது. சீட்டு இல்லன்னா வெளிய போயிட்டுத் திரும்பி வருது. புத்தகமே சொல்லுது சாரே. உங்க சாதனத்துக்கும் அது தெரியுமில்லா? பொறவு எதுக்கு அந்த அம்மாட்ட போயி கேக்குது?"

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வாயில் தண்ணீர் இல்லாமலே. எந்தப் புத்தகம் வெளியே இருக்கிறது என்று என் புரோகிராமுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு கட்டம் போதும். புத்தக எண்ணை அடித்தால், வெளியே போனதென்றால் வரவு வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பதென்றால் உறுப்பினர் எண்ணைக் கேட்கும். தேதியைக் கேட்கவே வேண்டாம், அது கம்ப்யூட்டருக்குத் தெரியும். என் அழகான பட்டியல் தேவையே இல்லை. ஐம்பது டிக் பெட்டிகளும் தேவையே இல்லை.

அவற்றையெல்லாம் நானே என் கையால் அழித்தேன். நாலு மாச உழைப்பு. இரண்டு நாள் மிண்டாதேயோடு பேசவில்லை. பிஜுவும் மனசு கேட்காமல் கடைசியில் ஒரு யோசனை சொன்னான். "பழைய ஸ்கிரீன் வேணும்னு யார்க்கெங்கிலும் தோணினால்... ஒரு டிக் பாக்ஸ் மட்டும்..."

மிண்டாதே அவனைப் பார்த்தார். பிறகு ஜக்கைப் பார்த்தார். பிஜு அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

இன்னொன்றும் செய்யவைத்தார். தப்பான எண்ணை அடித்தால் என் புரோகிராம் 'பிழை பதினேழு' என்று சொல்லும். "பதினேழாவது பிழைன்னா, மத்த பதினாறும் அவ செய்தாளா?" என்று கேட்டார். மாற்றினோம். மனுஷ பாஷையில் ஒரு வாக்கியம், மலையாளத்தில். அந்தக் காலத்தில் மலையாள எழுத்தைத் திரையில் கால் கை ஒடியாமல் கொண்டுவருவதே பெரும்பாடு. அதற்கே மூன்று நாள் போயிற்று.

செயலாளர் குறித்த சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கே வாசகசாலைக் கவுண்டர் முன்னால் இருபது பேர் வரிசை. செயலாளர் வெள்ளை வேட்டியில் ஞானம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "ஆத்யம் அவிடெ அமர்த்தணம், ஞானம்மே" என்று ஆரம்பித்தார். முதலில் எங்கே அமுக்குவது என்று அவருக்கே தெரியாது. மேசைக்கு அடியிலிருந்து மிண்டாதே எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு தம்ளர் பதிமுகத் தண்ணீரை அவரிடம் நீட்டினார். செயலாளர் மரியாதைக்கு வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டார்.

"முழுங்கப்பிடாது சார். பரிசோதனைச் சட்டமாக்கும்" என்றார் மிண்டாதே.

செயலாளர் எங்களைப் பார்த்தார். நானும் பிஜுவும் கன்னம் உப்பிப்போய் நின்றோம். ஏதோ கம்ப்யூட்டர் சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, அவரும் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு மிண்டாதேயும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தார். அது நான் அதுவரை பார்த்திராதது.

முதல் புத்தகம். ஞானம்மா பழக்கதோஷத்தில் பின்னட்டையைத் திறந்தார், எண்ணைப் பார்த்தார், அடித்தார். வரவு. அடுத்தது. உறுப்பினர் எண் கேட்டது, அடித்தார். போயிற்று. மூன்று, நான்கு, பத்து. வரிசை நகர்ந்தது. ஞானம்மா நடுவில் ஒரு வாசகரிடம், "போன மாசமே தரவேண்டியது, எங்க வச்சிருந்தியள்?" என்று அதட்டக்கூடச் செய்தார். எனக்குத் தைரியம் வந்தது.

பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ, ஒரு பழைய நாவல். பின்னட்டையில் எண் பாதி அழிந்துபோயிருந்தது. ஞானம்மா தெரிந்ததை வைத்து அடித்தார். திரையில் நாங்கள் எழுதிய வாக்கியம் வந்தது. ஞானம்மாவின் கை அப்படியே நின்றது.

அந்த அரை நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். வரிசையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளரின் புருவம் ஏறியது. முதல் பக்கத்திலும் அதே எண் முத்திரை குத்தியிருக்கும், அதைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் அது நான் செய்த வேலை, திங்கட்கிழமை நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். குனிந்து பார்த்தேன். ஞானம்மாவின் பத்து விரல்களும் செருப்புக்குள் இறுக மடங்கியிருந்தன. மிண்டாதே அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது.

ஞானம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்ததைச் சின்னப் பிள்ளை பாடம் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தார். இந்த எண்ணில் புத்தகம் இல்லை, எண்ணைச் சரிபார்த்து மறுபடி அடிக்கவும்.

"எண்ணு தப்பா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அதுக்கென்ன, முன்னால இருக்குமில்லா." முதல் பக்கத்தைத் திருப்பினார், முத்திரையைப் பார்த்தார், அடித்தார். வரவு. விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

மீதி வரிசை எப்படி முடிந்ததென்று எனக்கு ஞாபகமில்லை. முடிந்ததும் செயலாளர் தண்ணீரை விழுங்கினார். இரண்டு மணி நேரம் வாயில் வைத்திருந்த மனுஷன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "மதி." போதும் என்று அர்த்தம். பிறகு, "கல்லாறு வேண்டா" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். வாயில் இருந்த தண்ணீர் சட்டையில் வழிந்தது.

ஞானம்மாவுக்கு அழ நேரமில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, "பிள்ளே, எழும்பும். மணி பன்னண்டாச்சு. சோறு குடுக்கப் போணும், வழி விடும்" என்று மிண்டாதேயிடம் சொல்லிவிட்டு, செருப்பு சத்தம் கேட்க ஓடினார்.

ஞானம்மா ஓய்வு பெறும்வரை அதே கவுண்டரில்தான் இருந்தார். எங்கள் கம்பெனி அதற்கு முன்பே மூடிவிட்டது, அது வேறு கதை. மிண்டாதே களியக்காவிளைக்கே போய்ச் சொந்தமாகச் செருப்புக்கடை போட்டார். இன்றும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகிறேன். என் வீட்டில் என் செருப்பு மட்டும் பதினொரு ஜோடி கிடக்கிறது, கல்யாண வீடா இது என்று மனைவி கேட்கிறாள். எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும், என்ன செய்ய?

போன தடவை போனபோது செருப்புப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து எதையோ தேடி எடுத்தார். அந்த எண்பது பக்க நோட்டு. மூலை செல்லரித்திருந்தது. அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை விரித்துக் காட்டினார். ஞானம்மா, அய்யோ இல்லை. கர்த்தாவே இல்லை. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: அய்யோ ஒண்ணு, பெரிசு, எனக்க.

"அன்னைக்கு நீங்க வாயே தெறக்கலையே, அண்ணே?" என்றேன். "வாயில தண்ணி இருந்ததே?"

"அதுனாலதான் தண்ணி" என்றார். நோட்டை வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு கறுப்பு ஜோடியை எடுத்து என் காலில் மாட்டினார். "நடங்க."

கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். இடது கால் செருப்பு லேசாகக் கடித்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வேறு ஜோடி எடுக்க எழுந்துவிட்டிருந்தார்.